பன்னெண்டு மாசக் கரும்பு

எங்கள் காட்டில் கரும்பு விளைந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்கு முன்பு சோளமும் பருத்தியும் குச்சிக்கிழங்கும் மாற்றி மாற்றிப் போட்டுவந்தார்கள். எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மல்லசமுத்திரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற சாலையை விட்டு இறங்கி, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மண்தடத்தில் நடந்தால் இரண்டு பக்கமும் எங்கள் காடு, அதன் கடைசியில் வீடு, வீட்டையொட்டிக் கிணறு. பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில் இருந்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு. உடன்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வீட்டில் அம்மாவும் நானும் இரண்டு எருமைகளும்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் அது அதிசயமான வேலையல்ல. என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பாறையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வண்டிகளை ஓரம் கட்டிவிடுவார்கள். ஆனி, ஆடியில் அப்பாக்கள் ஊர் திரும்புவார்கள். சிலர் பொங்கலுக்கும் வந்து போவார்கள். அதனால் எங்களுக்கெல்லாம் அப்பா என்பவர் பருவத்துக்கு வருகிறவர். எப்போதும் வீட்டிலேயே இருக்கிற அப்பாவை உடைய பிள்ளைகளை நாங்கள் கொஞ்சம் பரிதாபமாகக்கூடப் பார்த்தோம். அவர்களுக்கு யாரும் பெட்டி நிறைய எதையும் கொண்டுவந்து இறக்குவதில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு வந்த அப்பாவுக்குக் கரும்பின் மேல் ஆசை வந்துவிட்டது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து கிணறு மேல்படி வரைக்கும் நிறைந்து கிடந்தது. எடப்பாடிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்திலிருந்து ஒரு டெம்போ நிறையக் கரணைகளைக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டிய விதைக்கரும்புத் துண்டுகள் அவை. அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை.

"நீங்க பாட்டுக்கு அங்க போயிருவீங்க. ஒத்தப் பொம்பள நான் எப்படிங்க இதக் கட்டி மேய்க்கறது?" என்றாள்.

"கரும்புக்கு அப்படி என்ன வேல கெடக்குது? தண்ணி பாச்சுனாப் போதும். வெட்டறப்ப நான் வந்துருவேன்" என்றார் அப்பா.

அம்மாவுக்குச் சொன்ன அந்த வார்த்தையை எனக்குச் சொன்னதாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நடவு அன்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் விட்ட பாத்தியில் கரணைகளைப் படுக்கவைத்து மிதித்து அழுத்திக்கொண்டே போனார். கணுவில் இருக்கும் பருவிலிருந்துதான் முளை வரும், அது பக்கவாட்டில் இருக்க வேண்டும், அடியில் மாட்டிக்கொண்டால் மேலே வரத் திணறும் என்றார். நான் பின்னாலேயே போய் மிதிபட்ட கரணைகளை எல்லாம் தடவிப் பார்த்தேன். அடுத்த வாரமே அவர் கிளம்பிவிட்டார். எப்போது வெட்டுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பத்து மாசக் கரும்பாம். காத்திகைல வெட்டலாமாம்" என்றாள்.

எல்லாக் கரும்பும் ஒன்றுதான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் காட்டுக்குக் கிழக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே தை மாதத்தில் கரும்பு நட்டார். அது பன்னெண்டு மாசக் கரும்பு. மேற்கே ஒருவர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பொங்கல் கரும்புக்கென்று சித்திரையில் செங்கரும்பு வைத்தார். ஆக மூன்று ஜாதிக் கரும்புகளுக்கு நடுவில் நான் ஒருத்தி இருந்தேன். விளையாட ஆள் இல்லாததால் அவற்றை வேடிக்கை பார்த்தேன். ஒரு குழந்தைக்கு அவ்வளவு கரும்பு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் கரும்பு அவசரக்காரக் கரும்பு. நட்டதும் ஊசி ஊசியாகக் கிளம்பி, பக்கத்துத் தோட்டம் இன்னும் கண் விழிக்காத நேரத்தில் தூர் கட்ட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு குத்திலும் அண்ணன் தம்பிகள் போல் ஐந்தாறு தண்டுகள் எழும்பின. அதன் தோகையில் பூமுள் போன்ற சுணை அதிகம். உரசிக்கொண்டு ஓடினால் கை கால் எல்லாம் அரிக்கும். கிழக்குக் கரும்பு சோம்பேறி மாதிரி இருந்தது. மெதுவாக வளர்ந்தது. ஆனால் அதன் இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருந்தது, தண்டும் கனமாகத் திரண்டது, காய்ந்த தோகையான சோகை தானாகவே கழன்று கீழே விழுந்தது. செங்கரும்பு இன்னொரு தினுசு. குச்சி நட்டு, கயிறு கட்டி, சாயாமல் நிறுத்தி, கல்யாணப் பெண்ணைப் போல் அதைப் பார்த்துக்கொண்டார்கள். நகத்தால் கீறினாலே சாறு கசியும். ஆலைக்குப் போகிற கரும்பைக் கடித்தால் பல் வலிக்கும்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவார். எங்கள் காட்டில் டவர் கிடைப்பது கிணற்று மேட்டில் மட்டும்தான். மோட்டார் அறைப் படிக்கட்டில் ஏறி நின்று அம்மா பேசுவாள், பிறகு என்னிடம் கொடுப்பாள். "கரும்பு எத்தன ஒசரம் இருக்குது?" என்று அப்பா கேட்பார். நான் முழங்கால் வரைக்கும் என்பேன். இடுப்பு வரைக்கும் என்பேன். வைகாசியில் மண் அணைத்த பிறகு என் தலைக்கு மேல் போய்விட்டது. அதற்கப்புறம் போன் வருவது குறைந்தது. ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. "டவர் கெடைக்கல" என்றாள் அம்மா. கரும்பு உயர்ந்து டவரை மறைத்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அது மறைத்துவிட்டிருந்தது. முன்பு வீட்டு வாசலில் நின்றால் சாலையில் போகிற பஸ்ஸின் நிறம் தெரியும். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரியும். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைச் சுவர். அண்ணாந்து பார்த்தால் மட்டும் கொஞ்சம் வானம். காற்று அடித்தால் ஆயிரம் பேர் பேசுகிற மாதிரி சத்தம் வரும். யாரும் இருக்கமாட்டார்கள்.

பள்ளிக்கூட வேன் என்னைச் சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரை கரும்புக்கு நடுவில் தனியாக நடக்க வேண்டும். முன்பெல்லாம் அம்மா வாசலில் நின்று நான் வருவதைப் பார்ப்பாள். இப்போது பார்க்க முடியாதே. அதனால் வேனை விட்டு இறங்கியதிலிருந்து வீடு வரும்வரை வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னாள். நான் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே நடப்பேன். கரும்புக்கு அந்தப் பக்கமிருந்து "வா சாமி, வா" என்று அம்மாவின் குரல் வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் பயம் போய்விடும்.

ஆனி வந்தது. வகுப்பில் ஒவ்வொருத்தியாக "எங்கப்பா வந்துட்டாரு" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். புது வாட்டர் பாட்டில்களும் முடியில் குத்தும் மினுமினுப்புக் கிளிப்புகளும் வந்தன. எங்கள் வீட்டுக்குப் போன்தான் வந்தது. அவர் இருக்கிற இடத்தில் இந்த வருஷம் மழையே இல்லையாம், வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறதாம். "கரும்பு வெட்டறப்ப வந்துருவேன் பாப்பா" என்றார். நான் அதையே வகுப்பில் சொன்னேன். எங்கள் வீட்டில் கரும்பு இருப்பதால் எங்கள் அப்பா கார்த்திகையில் வருவார். கரும்பு இல்லாத வீட்டு அப்பாக்கள்தான் ஆனியில் வருவார்கள்.

ஆடி நோம்பி முடிந்த சமயத்தில் மாமா வந்தார். அம்மாவுக்கு அண்ணன். லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்பும் வழியில் அப்பா இருக்கும் ஊருக்குப் போயிருக்கிறார். ஆட்டையாம்பட்டியில் இறங்கி எனக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "நீ தின்னுட்டிரு சாமி, நாங்க தண்ணி பாயுதான்னு பாத்துட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பது வீட்டிலிருந்தே தெரிந்தது. அதை இரண்டு பேர் சேர்ந்து போய் இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி முறுக்கைத் தின்றேன்.

திரும்பி வந்ததும் அம்மா, "சோறு போடட்டுங்களாண்ணா" என்றாள். மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அவர் போனதே இல்லை. கிளம்பும்போது என் தலையில் கைவைத்து, "நல்லாப் படி சாமி" என்றார். அதுவும் வழக்கமில்லை.

அன்று சாயங்காலம் அம்மா எருமைக்குத் தீவனம் வைக்கும்போது பக்கத்தில் போய் நின்று, கார்த்திகைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"காத்திகைல வெட்ட முடியாது சாமி" என்றாள். "நம்முளுதும் பன்னெண்டு மாசக் கரும்புதானாம். கரண மாறி வந்துருச்சாம். மாசிக்கு மேலதான் வெட்டணும்."

நான் நம்பினேன். கரணை எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், மாறுவதற்கு என்ன. அப்பாவுக்கு இது தெரியுமா என்பது மட்டும்தான் என் கவலை. தெரியாமல் கார்த்திகையிலேயே வந்து, வெட்டவில்லை என்று திரும்பிப் போய்விட்டால்? "சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். வேலைகளில் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆள் கூட்டிவந்து சோகை உரித்தாள், சாய்ந்த கரும்பைத் தூக்கிக் கட்டினாள், விடிவதற்குள் பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றினாள். ஆனால் சில நாள் நான் வாய்ப்பாடு கத்திக்கொண்டு வரும்போது அந்தப் பக்கமிருந்து குரல் வராது. நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். அப்படியும் வராது. ஓடிவந்து பார்த்தால் அம்மா வீட்டுப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் வந்து எதிரில் நின்ற பிறகுதான் "வந்துட்டியா" என்பாள். நான் கத்தியது கேட்கவில்லையா என்றால், கேட்டது என்பாள்.

ஐப்பசி மழையில் எங்கள் கரும்பு பூத்தது. உச்சியில் வெள்ளிக் கதிர் மாதிரி நீளமாக, பஞ்சு பஞ்சாக. காடு முழுவதும் ஒரே உயரத்துக்கு வெள்ளை அலை அடித்தது. அவ்வளவு அழகான ஒன்றை எங்கள் நிலத்தில் நான் பார்த்ததில்லை. கிழக்குக் கரும்பு பூக்கவில்லை. அது பாட்டுக்குப் பச்சையாக நின்றது. இரண்டும் பன்னெண்டு மாசக் கரும்பென்றால் ஒன்று மட்டும் ஏன் பூக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் கரும்பு உசத்தி என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சர்க்கரை ஆலையின் பீல்டுமேன் மொபெட்டில் எதிரே வந்தார். எந்தக் காட்டுக் கரும்பு எப்போது பழுக்கும் என்று பார்த்து, வெட்ட ஆள் அனுப்பி வைப்பது அவர் வேலை. என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "உங்கம்மாகிட்ட நீயாவது சொல்லு பாப்பா" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லாமலே போய்விட்டார். மார்கழியில் மறுபடியும் வந்தார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "இன்னுங் கொஞ்ச நாள் போவட்டுங்க" என்று சொல்வதைத் தூரத்திலிருந்து கேட்டேன்.

பொங்கலுக்கு முன்பே மேற்கே செங்கரும்பை வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாக லாரியில் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் திடீரென்று வெளிச்சமாகிவிட்டது. பொங்கலுக்கு அப்பா வரவில்லை. போனும் வரவில்லை. அதுபற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. கரும்பு வெட்டும்போது வருகிறவர் பொங்கலுக்கு எதற்கு வர வேண்டும்? தை கழிந்தது. கிழக்கே பன்னெண்டு மாசக் கரும்பையும் வெட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுத் துணிக்கொடி மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் கரும்பு மட்டும் நடுவில் நின்றது. வெள்ளைப் பூவெல்லாம் உதிர்ந்து, கதிர்கள் ஒடிந்து, இலைகள் மஞ்சளாகித் தொங்கின. காற்றில் வந்த சத்தமும் வேறு மாதிரி, காய்ந்த காகிதம் உரசுவது போல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மா மல்லசமுத்திரம் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக இருந்தபோது பீல்டுமேன் வந்தார். அம்மா இல்லை என்றதும் போய்விடாமல், நேராகக் காட்டுக்குள் இறங்கி ஒரு கரும்பை ஒடித்தார். சட்டைப்பையிலிருந்து சின்னக் குழல் ஒன்றை எடுத்து, அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றைப் பிழிந்து, சூரியன் பக்கம் திருப்பிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். நானும் பார்க்க வேண்டும் என்றேன். கொடுத்தார். உள்ளே வட்டமாக ஒரு வெளிச்சம். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.

"அந்தக் கோடு எத்தன மேல ஏறுதோ அத்தன இனிப்பு" என்றார். "காத்திகைல எங்கயோ ஏறி நின்னுச்சு. இப்ப எறங்கிப் போச்சு. இதப் பாரு." ஒடித்த கரும்பின் உள்பக்கத்தைக் காட்டினார். நடுவில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி பொக்கையாக இருந்தது. "பூத்த கரும்ப நிறுத்தி வெச்சா இப்படித்தான். சாறெல்லாம் போயி சக்கையாயிரும். எட போச்சு, இனிப்புப் போச்சு."

"இது பன்னெண்டு மாசக் கரும்புங்களே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு சொன்னது? பத்து மாசக் கரும்பு பாப்பா இது. எடப்பாடியில நான் சொல்லித்தான் உங்கப்பாருக்குக் கரணையே குடுத்தாங்க. காத்திகைல வெட்டிருக்கணும். ரெண்டு வாட்டி வந்து சொன்னேன், உங்கம்மா காதுலயே போட்டுக்கல."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் கரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பொய் சொன்னாள் என்பதுதான் எனக்குப் புரிந்தது. கார்த்திகையிலேயே வெட்டியிருந்தால் அப்பா கார்த்திகையிலேயே வந்திருப்பார். அவரை வரவிடாமல் செய்துகொண்டிருப்பது அம்மாதான். யோசிக்க யோசிக்க இதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

அம்மா பையோடு தடத்தில் வருவது தெரிந்ததும் எழுந்து நின்றேன்.

"இது பத்து மாசக் கரும்பாமா" என்றேன்.

அம்மா பையைக் கீழே வைத்தாள். "ஆமா" என்றாள்.

"அப்பறம் ஏம்மா பொய் சொன்ன? அப்பா வர வேண்டாமா உனக்கு?"

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அழவும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரும்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரி சாமி, வெட்டிரலாம்" என்றாள். அவ்வளவுதான். கிணற்று மேட்டில் ஏறிப் போய்ப் பீல்டுமேனுக்குப் போன் பண்ணினாள். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று இரவு அப்பாவுடைய தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

வெட்டுக்காரர்கள் வந்த அன்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். அம்மா மறுக்கவில்லை. காலையிலேயே குளித்து, நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, சாலையோரத்துச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பின்னால் அரிவாள் சத்தம் தொடங்கியது. அடியோடு வெட்டி, உச்சியிலிருந்த கொழுந்தாடையைச் சீவி, கட்டுக் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டுவந்து டிராக்டரில் அடுக்கினார்கள். எடை இல்லாத கரும்பு என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரம் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் எங்கள் தடத்துக்கு நேராக வரும்போது எழுந்து நிற்பேன். சிலது நிற்காமலே போகும். சிலது நின்று யாரையாவது இறக்கிவிடும். அப்பா பஸ் இறங்கும்போது முதலில் பெட்டிதான் வெளியே வரும். அப்படி எந்தப் பெட்டியும் வரவில்லை.

உச்சி வெயிலில் அம்மா வந்தாள். சாப்பிடக் கூப்பிடத்தான் வந்திருப்பாள். நான் வரமாட்டேன் என்று தலையாட்டியதும் திரும்பிப் போகாமல் கட்டைச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காட்டிலிருந்து வெட்டுக்காரர்களின் மேஸ்திரி, "ஏனுங்க அம்மிணி, குடிக்கத் தண்ணி வேணுமுங்க" என்று கூப்பிட்டார். "அண்டாவுல இருக்குதுங்க, மொண்டுக்கங்க" என்று உட்கார்ந்தபடியே சொன்னாள். வெட்டு நடக்கிற அன்று வீட்டுக்காரி ரோட்டில் போய் உட்காருவாளா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அம்மா என்னைப் போலவே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வரும்போது நான் எழுந்தால் அவளும் எழுந்தாள். அவளுக்கும் அப்பா வர வேண்டும் என்றுதான் இருக்கிறது போல என்று தோன்றியதும் எனக்கு அவள்மேல் இருந்த கோபம் தணிந்தது.

பொழுது இறங்கியது. கடைசி டிராக்டரும் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடு சாலையிலிருந்தே தெரிந்தது. வெறும் நிலத்தில், சோகைக் குப்பைக்கு நடுவில், தீப்பெட்டி மாதிரி ஒற்றையாக நின்றது. அவ்வளவு சின்ன வீட்டிலா இருக்கிறோம் என்று இருந்தது.

"நாளைக்கு வருவாராம்மா?"

"தெரியல சாமி. வா, போலாம்."

நாளைக்கும் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. நான் ஓரிரண்டு நாள் அழுதேன். பிறகு சோகையை எரித்து, தண்ணீர் விட்டதும், வெட்டின கட்டைகளிலிருந்து பச்சைப் பச்சையாகக் குருத்துகள் கிளம்பின. கரணையே நடாமல், தானாகவே. இதற்குக் கட்டைக்கரும்பு என்று பேர், நட்ட கரும்பைவிட ஒரு மாதம் முன்னாலேயே பழுத்துவிடும் என்று பீல்டுமேன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. போன வெட்டுக்கு அப்பாவுக்கு ஏதோ வேலை இருந்திருக்கும். இந்தத் தடவை சீக்கிரமே வெட்டிவிடலாம், சீக்கிரமே வந்துவிடுவார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குருத்துகளை அளந்து பார்த்தேன்.

ஒருநாள் வந்து பார்த்தால் காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கலப்பை அந்தக் கட்டைகளையெல்லாம் வேரோடு பெயர்த்துப் புரட்டிப் போட்டுக்கொண்டு போனது. மாமா வரப்பில் நின்று, "நட்டுவெச்சா மாதிரி மொளச்சு வருது அம்மிணி, ஒரு செலவும் இல்ல, அதயப் போயி ஓட்டறியே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்கண்ணா. இன்னொரு கரும்பு என்னால முடியாது" என்றாள் அம்மா. நான் புரண்டு கிடந்த ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாளில் எருமை அதைத் தின்றுவிட்டது.

அப்பாவுக்கு அங்கே வேறு ஒரு குடும்பம் ஏற்பட்டுவிட்டது, ஒரு குழந்தைகூட இருந்தது, ஆடியில் மாமா அதைச் சொல்லத்தான் வந்தார் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமா வீட்டில் பேச்சுவாக்கில் தெரிந்தது. அம்மா இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆடியிலிருந்து மாசி வரைக்கும், வரமாட்டார் என்று தெரிந்த ஒருவரை வருவார் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்காக, இனிப்பு இறங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டுக் கரும்பை அவள் நிறுத்தி வைத்திருந்தாள். பள்ளி வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வாய்ப்பாடு கத்திக்கொண்டு நான் வரும்போது பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது.

சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தது. உழுது போட்ட காட்டில் அம்மா நிலக்கடலை விதைத்தாள். முன்னால் ஒருவர் ஏர் பிடித்துச் சால் போட, அம்மா மடியிலிருந்து பருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே போனாள். நான் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. இருந்தாலும் அவளுக்குப் பின்னால் நடந்து போனேன்.

"கடலக்கா எத்தன மாசம்மா?"

"மூணு, மூணர மாசம்."

"அப்ப அதப் பறிக்க அப்பா வருவாரா?"

அம்மா நிமிரவில்லை. சாலில் பருப்பு விழுந்துகொண்டே இருந்தது.

"கடலக்கா பறிக்கறதுக்கெல்லாம் யாரும் வர வேண்டியதில்ல சாமி" என்றாள். "நாம ரெண்டு பேருமே பறிச்சுக்கலாம்."

அது எனக்குச் சரியாகவே பட்டது. கரும்பென்றால் அரிவாளோடு ஆள் வர வேண்டும், டிராக்டர் வர வேண்டும், ஆலையிலிருந்து வர வேண்டும். கடலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சின்னச் செடி, கையாலேயே பிடுங்கிவிடலாம். மறுநாள் வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உங்கப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். இந்த வருஷம் எங்கள் காட்டில் வேலை குறைவு, அதனால் அவர் வர வேண்டியதில்லை என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன்.